நாலு மில்லிமீட்டர் இடது பக்கம்

அந்த நாலு மில்லிமீட்டருக்கு என் கையெழுத்தக் கேக்கத்தானா சனிக்கிழமையும் அதுவுமா டூசல்டார்ஃப்ல இருந்து வண்டியெடுத்துக்கிட்டு வந்தீங்க? போன்ல கேட்டிருந்தா போன்லயே முடியாதுன்னு சொல்லியிருப்பேனே. சரி, வந்துட்டீங்க, உக்காருங்க. கோட்டக் கழட்டிருங்க, அடுப்பு எரியுது, வேர்க்கும். வாஃபிள் ரெண்டுதான் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு. செர்ரி நிறைய இருக்கு, வேணுங்கிற மட்டும் அள்ளிப் போட்டுக்கோங்க. அட, சாப்பிட்டா கையெழுத்துப் போட்டுருவேன்னு அர்த்தமில்ல வக்கீல் தம்பி. சும்மா சாப்பிடுங்க.

எங்க அந்தக் காயிதம்? குடுங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன். ஒட்டிலி கோர்டெஸ் ஆகிய நான், சோலிங்கன் ரெங்கல் தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் கோடு இழுக்கும் பணியில் இருந்தேன்... ம். ஒரே கையில் இயங்கும் சுருட்டு வெட்டியின் அமைப்பு முழுவதும் காலஞ்சென்ற முதலாளி ஆல்பிரெக்ட் ரெங்கல் அவர்களின் சிந்தனையில் உதித்தது, அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன்... உதிச்சுதா? நல்லா இருக்கே. சூரியனா அது, தானா உதிக்கிறதுக்கு?

யாரு எழுதினது, நீங்களா? பரவாயில்ல, கையெழுத்து அழகா இருக்கு.

உங்க பையில ஒண்ணு வெச்சிருப்பீங்களே, அந்த வெட்டிய எடுங்க. நம்ம வெட்டியக் காப்பியடிச்ச போலிக்காரன் மேல போட்ட கேசுல, கோர்ட்டுல காட்டுனீங்கள்ல, அதேதான். வலது கையில வைங்க. அப்பிடியில்ல, கத்திரி பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க, அதுல விரல் விட வளையமே கிடையாது பாருங்க. உள்ளங்கைல படுக்க வைங்க. முதுகுல ஒரு குழி இருக்குல்ல, அதுல விரலோட அடிப்பக்கம் உக்காரும். கட்டவிரலத் தூக்கி அந்தத் தள்ளுகட்டை மேல வைங்க. தள்ளுங்க. ரெண்டு பிளேடும் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்துச்சா? விடுங்க. ஸ்பிரிங்கு திருப்பி விட்டுருச்சா? இப்ப அதையே இடது கைக்கு மாத்துங்க.

என்ன, குத்துதா? உக்கார மாட்டேங்குதுல்ல? குழி நடுவுல இல்ல, நாலு மில்லிமீட்டர் இடது பக்கமா ஒதுங்கியிருக்கு. வலது கைக்குச் சொகுசு, இடது கைக்கு இம்சை. உங்க பெரிய முதலாளி எந்தக் கைக்காரரு, தெரியுமில்ல?

அதானே. ஊருக்கே தெரியும். பேனா பிடிக்கிறது, கரண்டி பிடிக்கிறது, கோவம் வந்தா மேசையில குத்துறது, எல்லாமே இடது கைதான். தன் கையில உக்காராத சாமானத் தானே கண்டுபிடிச்சேன்னு ஒரு மனுசன் சொன்னா எவன் நம்புவான்? எதிர்க்கட்சி வக்கீல் அதத்தானே கேட்டாரு போன வாய்தால. உங்க அப்பா இடது கைக்காரராச்சே, இந்தக் குழிய ஏன் இப்பிடி ஒதுக்கி வெச்சாருன்னு. சின்ன ரெங்கல் என்ன சொன்னாராம், அழகுக்காகன்னாராம். உடோ ரெங்கல் படிச்ச புள்ளைங்க, எஞ்சினியருக்குப் படிச்ச புள்ள. அழகுக்காகவாம்! ஜட்ஜே சிரிச்சிட்டாருன்னு கேள்விப்பட்டேன். சிரிக்கலையா? சரி, சிரிக்கலைன்னே வெச்சுக்குவோம்.

அப்பா சொல்லித்தான் வரைஞ்சேன்னு கையெழுத்துப் போடுன்னு உடோ அப்பவே கேட்டாரு, மாட்டேன்னேன். அதுக்கு அடுத்த திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன், என் டிராயிங் மேசைய காணோம். பதினாறு வருஷம் உக்காந்த மேசை. என்னப் பேக்கிங்ல போட்டுட்டாங்க. இப்ப என்ன வேலை தெரியுமா, இதே வெட்டிய வெல்வெட்டு போட்ட பெட்டில படுக்க வெச்சு மூடி போடுறது. நான் பெத்த புள்ளைக்கு நானே தொட்டில் கட்டுற கணக்கா. அழுவேன்னு நினைச்சாங்க. நான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் தள்ளிப் பாத்து, பிளேடு இறுகுனத எல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். ஒரே வாரத்துல நாப்பத்தி மூணு. சூப்பர்வைசரு தலைல கை வெச்சுட்டாரு.

வீட்டுக் கடுதாசியும் வந்துருச்சு. இது கம்பெனி வீடு. ஈஸ்டருக்குள்ள காலி பண்ணணுமாம். அது உங்களுக்குத் தெரியாதா? நிஜமாவா? அப்ப உங்ககிட்டயே பாதிதான் சொல்லி அனுப்பியிருக்காங்க. பாவம்தான் நீங்களும்.

சரி, நாலு மில்லிமீட்டருக்கு வர்றேன்.

என் புருஷன் எவால்ட். மூணு வருஷமாச்சு போயி. அந்தப் போட்டோல இருக்காருல்ல, தொப்பி போட்டுக்கிட்டு. ரெங்கல்ல தகடு வெட்டுற பிரஸ்ஸு மெசினுக்கு அச்சு மாட்டுறவரு. ஐம்பத்தாறுல அவரு வலது கை பிரஸ்ஸுல மாட்டிக்கிச்சு. நாலு விரலும் போச்சு. மூணுல அடிக்கணு மட்டும் மிச்சம், மொட்டை மொட்டையா. சுண்டு விரல் பக்கம் உள்ளங்கையிலயே ஒரு துண்டு சேர்ந்து போயிருச்சு. கட்டவிரலுக்கு ஒண்ணும் ஆகல.

அந்த பிரஸ்ஸுல தடுப்பு கழட்டி வெச்சிருந்தாங்க. ஆமா, கைக்கு முன்னால இறங்குற தடுப்பு. அது இருந்தா மணிக்கு முன்னூறு தகடுதான் வரும், இல்லேன்னா நானூறு வரும். ஏன் பேனாவ நிறுத்திட்டீங்க? எழுதுங்க. தடுப்ப கழட்டச் சொன்னது பெரிய ரெங்கல்.

எவால்டுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு சுருட்டு. வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. அதையும் சும்மா பத்த வைக்க மாட்டாரு. காதுகிட்ட வெச்சு உருட்டிப் பாப்பாரு, மூக்குல வெச்சு இழுப்பாரு, அப்புறம் மெதுவா தொப்பிய வெட்டுவாரு. தொப்பின்னா தலைப்பக்கம் ஒட்டியிருக்கிற குட்டி இலை. அத மட்டும் எடுக்கணும், ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. தாண்டிட்டா மேல் இலை பிரிஞ்சு, பாதியிலயே வேட்டி அவுந்த கதையாயிரும்.

கை போனப்புறம் வெட்ட முடியல. கடையில விக்கிற வெட்டிக்கு ரெண்டு வளையம், கட்டவிரலுக்கு ஒண்ணு, நடுவிரலுக்கு ஒண்ணு. நடுவிரலுக்கு எங்க போறது? இடது கையில வெட்டிய பிடிச்சாரு. அப்ப சுருட்ட யாரு பிடிக்கிறது? கட்டவிரலுக்கும் மொட்டைக்கும் நடுவுல வெச்சுப் பாத்தாரு, வழுக்கிக்கிட்டு ஓடுது. அழுத்தினா நசுங்குது. கடைசில பல்லால கடிச்சுத் துப்ப ஆரம்பிச்சாரு. வாயெல்லாம் இலை. அந்த மனுசனுக்கு அது பிடிக்கல. ரெண்டு வாரம் கடிச்சாரு, அப்புறம் நிறுத்திட்டாரு.

எங்க தெரு முனைல ஒரு மதுக்கடை, சனிக்கிழமை சாயங்காலம் அங்க சீட்டாடுவாங்க. ரூடின்னு ஒருத்தரு, சாணை பிடிக்கிறவரு, எவால்டோட பள்ளிக்கூடச் சேக்காளி. நல்ல மனுசன், வாய்தான் சரியில்ல. ஒரு நாள் எவால்டுக்குப் பிறந்த நாள், ரூடி ஒரு சுருட்டு வாங்கிக் குடுத்தாரு. குடுத்துட்டுச் சும்மா இருந்தாரா, தானே தொப்பிய வெட்டி, தானே பத்த வெச்சு, இவரு வாயில கொண்டு போயி வெச்சாரு. வெச்சுட்டு என்னப் பாத்து, என்ன ஒட்டிலி, வீட்டுல நீ கறிய நறுக்கிக் குடுத்து ஊட்டியும் விடுறியான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எவால்டும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே அந்தச் சுருட்ட வாயிலருந்து எடுத்து பீர் குடுவைக்குள்ள போட்டாரு. புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கல.

அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வர்றோம். வாசக்கதவு வந்ததும் சொல்றாரு, ஒட்டிலி, எனக்குச் சோறு ஊட்டினாலும் ஊட்டு, சுருட்ட மட்டும் எவனும் வெட்டித் தரக் கூடாதுன்னு.

எனக்கு அப்ப என்ன தெரியும்? விபத்துக்கு அப்புறம் பிரஸ்ஸுல வேலை வேணாம்னு விட்டுட்டு, சாயங்காலப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் டிராயிங் படிச்சு, கோடு இழுக்குற வேலைக்கு வந்திருந்தேன். இன்ஜினியருங்க பென்சில்ல போட்டத நான் மசியில போடணும், அவ்வளவுதான். ஆனா கோடு இழுக்குறவளுக்குக் கண்ணு இருக்குல்ல? எதுக்கு இந்தக் கோடு, ஏன் இந்த வளைவுன்னு கேட்டுக்கிட்டே இழுத்தா, கொஞ்ச நாள்ல உலகத்துல பாதி விசயம் விளங்கிரும்.

எனக்கு ஒண்ணு விளங்கிச்சு. எல்லாரும் தப்பான கைய யோசிக்கிறாங்க. சுருட்டு மெத்துன்னு இருக்கிற பொருளு, அத நல்ல கைதான் பிடிக்கணும். வெட்டி இரும்பு. அது மொட்டைக் கையில இருந்துக்கும், வலிக்காது அதுக்கு. அப்ப வேலை என்னன்னா, விரலே இல்லாத கையில தங்குற மாதிரி ஒரு உடம்பு, ஒத்தக் கட்டவிரல் ஓட்டுற மாதிரி ஒரு பொறி.

உடம்பு முதல்ல. ஜன்னல் கண்ணாடிக்கு வெக்கிற மக்கு இருக்குல்ல, அத ஒரு உருண்டை வாங்கிட்டு வந்து, இவரு கையில வெச்சு, பிடிங்கன்னேன். எதுக்குடின்னாரு. பிடிங்கன்னா பிடிங்கன்னேன். கட்டவிரலும் மூணு மொட்டையும் சேந்து அந்த மக்கப் பிடிச்சுது. அப்பிடியே எடுத்துக் காய வெச்சு, ஸ்கேல் வெச்சு அளந்தேன். மொட்டைங்க அமுக்கின குழி நடுவுல இல்ல. சுண்டு விரல் பக்கம் சதையே இல்லாததால பிடி முழுசும் கட்டவிரல் பக்கமா சாஞ்சிருந்துச்சு. எவ்வளவுன்னு கேளுங்க.

ஆமா. நாலு மில்லிமீட்டர். சரியாச் சொன்னா நாலேகால், நான் நாலாக்கிட்டேன். அது எவால்டோட கை தம்பி. அழகுமில்ல, கத்திரிக்காயுமில்ல.

பொறிதான் உசிர வாங்கிருச்சு. முதல்ல ஒத்த பிளேடு வெச்சுப் பண்ணேன். அது ஒரு பக்கமா தள்ளி, சுருட்ட எதிர்ச் சுவர்ல வெச்சு நசுக்குது. சரி, ரெண்டு பிளேடு வேணும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வரணும். ஆனா தள்ளுறது ஒத்தக் கட்டவிரல். எப்பிடி? ஆறு மாசம் எனக்கு விடையே கிடைக்கல. உருளைக்கிழங்கு தோல் சீவும்போதும் அதே நினைப்பு, சர்ச்சுல பாட்டுப் பாடும்போதும் அதே நினைப்பு. அப்புறம் ஒரு நாள் தொழிற்சாலைல பழைய கடிகாரத்தத் தொறந்து வெச்சிருந்தாங்க, பாத்துக்கிட்டே நின்னேன். ரெண்டு பிளேடோட உள் ஓரத்துலயும் பல்லு வெட்டி, நடுவுல பட்டாணி அளவுல ஒரு பல்லுச் சக்கரம் வெச்சா? கட்டவிரல் ஒரு பிளேடத் தள்ளும், சக்கரம் சுத்தும், அடுத்த பிளேடு எதிர்ப்பக்கம் இருந்து தானா வரும். ரெண்டும் நடுவுல சந்திக்கும். நீங்க கையில வெச்சிருக்கிறது அதேதான், ஒரு பல்லு கூட மாறல.

அதோட முடிஞ்சுதா? ரெண்டு பிளேடுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி இருந்தாலும் இலை அதுக்குள்ள புகுந்து கிழியுது. இடைவெளியே இல்லேன்னா பிளேடு இறுகி நிக்குது. ரூடிகிட்ட கொண்டு போனேன். ஆமா, அதே ரூடி. பீர் குடுவை விசயத்துக்கு அப்புறம் எங்க வீட்டுப் பக்கமே தலை காட்டல அவரு. நான் போய் பிளேட மேசைல வெச்சதும் மூஞ்சி சிவந்துருச்சு. மன்னிப்புக் கேக்க வந்தா வேணாம், சாணை பிடிக்கத் தெரிஞ்சாச் சொல்லுன்னேன். அவருதான் சொன்னாரு, பிளேடத் தட்டையா பண்ணாத ஒட்டிலி, துளியோண்டு வளை, கத்திரில எப்பிடியிருக்கோ அப்பிடி. வெட்டுற முனை மட்டும் ஒண்ணோட ஒண்ணு உரசட்டும், மத்த இடம் தொடவே கூடாதுன்னு. அந்த வளைவு ரூடியோடது. அத நான் மறைக்க மாட்டேன். கோர்ட்டுல கேட்டா அதையும் சொல்லுவேன். பின்னாடி ஒரு தகடு வெச்சது நானு, சுருட்டு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல உள்ள போகாது. ஆழம் பாக்குறதுக்குக் கண்ணு வேணாம், கை நடுங்கினாலும் தப்பாது.

பதினோராவது மாடல் வேலை செஞ்சுச்சு. அறுபதாம் வருசம், அக்டோபர் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. சாப்பாடு முடிஞ்சுது. ஒரு சுருட்டையும் வெட்டியையும் தட்டுக்குப் பக்கத்துல வெச்சுட்டு நான் பாட்டுக்குப் பாத்திரம் கழுவப் போயிட்டேன். திரும்பிப் பாக்கல. பாத்தா அவருக்குக் கூச்சமா இருக்கும்னு. டக்குன்னு ஒரு சின்னச் சத்தம். மறுபடி டக்கு. என்னடா ஒரு சுருட்டுக்கு ரெண்டு தடவையான்னு நினைக்கிறேன், மறுபடி டக்கு, டக்கு. திரும்பினா, அலமாரில இருந்து முழுப் பெட்டியையும் எடுத்து வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா வெட்டிக்கிட்டு இருக்காரு மனுசன்! இருபத்தஞ்சு சுருட்டு. என் தம்பி கல்யாணத்துக்குன்னு வாங்கி வெச்சது. ஐயோ, வெட்டினா காஞ்சு போயிருமேன்னு கத்துறேன், காதுலயே விழல. இருபத்தஞ்சாவது வெட்டி முடிச்சுட்டுத்தான் தலையத் தூக்கினாரு. இத இன்னிக்கே பிடிச்சாகணுமே ஒட்டிலி, என்ன பண்றதுங்கிறாரு. சின்னப் புள்ள முழி.

என்ன பண்றது? தெருவக் கூப்பிட்டோம். மேல் வீடு, கீழ் வீடு, ரூடி, மதுக்கடைக்காரரு எல்லாம் வந்து இந்த ரூமுல உக்காந்து ஊதுறாங்க. பேக்கரி ஹில்டாவும் ஒண்ணு பத்த வெச்சுப் பாத்துட்டு இருமி இருமிச் சாகப் போனா. ஒரு வாரம் திரைச்சீலைல நாத்தம் போகல. எவால்டு ஒவ்வொருத்தருக்கும் தன் கையால சுருட்டு குடுத்தாரு. அந்தக் கையால. நாலு வருசமா கோட்டுப் பைக்குள்ளயே வெச்சிருந்த கை அது.

அந்த ஹில்டா இப்ப நான் ரொட்டி வாங்கப் போனா முகத்தத் திருப்பிக்கிறா. அவ மருமகன் ரெங்கல்ல வேலை பாக்குறான். நீ ஒருத்தி கையெழுத்துப் போட்டா நூத்திப் பத்துக் குடும்பம் பிழைக்கும், உனக்கென்னடி அவ்வளவு வீம்புன்னு கடை முழுக்க ஆளிருக்கும்போது கேக்குறா. வீம்புதான், ஒரு ரை ரொட்டி குடுன்னேன். குடுத்தா. நேத்து ரொட்டிய குடுத்திருந்தா, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். திருப்பிக் கொண்டு போயி கல்லா மேல வெச்சுட்டு, புதுசு எடுத்துட்டு வந்தேன்.

அந்த நூத்திப் பத்துக் குடும்பத்த நீங்களும் இழுக்காதீங்க. கேசு தோக்கணும்னு நான் நேந்துக்கிட்டா இருக்கேன்? கேசு ஜெயிக்க இந்த ஊருல ஒரே வழிதான் இருக்கு, அது உங்க எதிர்ல உக்காந்து வாஃபிள் திங்குது. யோசிங்க. அந்தப் போலிக்காரன் நாலு மில்லிமீட்டர் ஒதுக்கினதயும் சேத்துத்தானே காப்பியடிச்சிருக்கான்? நாங்களே யோசிச்சுச் செஞ்சோம்னு கோர்ட்டுல சத்தியம் பண்றான். எதுக்கு ஒதுக்கினேன்னு கேட்டா அவனுக்கும் தெரியாது, உங்க உடோவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். காஞ்ச மக்கு அந்த டப்பால இருக்கு, அளந்து எழுதின நோட்டும் இருக்கு, தேதியோட. நான் வந்து கூண்டுல நின்னு இது எவால்ட் கோர்டெஸோட கைன்னு சொன்னா, அவன் திருடின கை யாரோடதுன்னு ஜட்ஜுக்கு விளங்கிரும். ஆனா அத எப்பிடிச் சொல்லுவேன்? என் பேரச் சொல்லித்தான் சொல்லுவேன். செஞ்சது நான்னு சொல்லித்தான் சொல்லுவேன்.

அதுல என்ன சிக்கல்னு உங்களுக்கே தெரியுது, பாருங்க, வேர்க்குது உங்களுக்கு. கைன்னு ஆரம்பிச்சா, கை ஏன் போச்சுன்னு கேப்பாங்க. தடுப்பு எங்கன்னு கேப்பாங்க.

என்ன கேட்டீங்க? அப்ப ஏன் அறுபதுலயே சொல்லலன்னா? நல்ல கேள்வி. இத முதல்ல கேப்பீங்கன்னு நினைச்சேன், காபி முடிஞ்சப்புறம் கேக்குறீங்க.

சொல்றேன். ரூடி பெருமை தாங்காம வெட்டிய பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி காட்டிட்டாரு. அடுத்த நாள் பெரிய ரெங்கல் என்ன ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. மேசைல வெட்டி இருக்கு. இடது கைல எடுக்குறாரு, குத்துது, வைக்கிறாரு. மறுபடி எடுக்குறாரு. நல்லா இருக்கு ஒட்டிலி, இத நாம பண்ணலாம், பேட்டன்ட்டு என் பேர்ல போடுறேன்னாரு. முடியாது முதலாளின்னேன். அந்தக் குழிய நடுவுக்குக் கொண்டு வந்துருன்னாரு. அதுவும் முடியாதுன்னேன். கடைசில பேர எடுத்துக்கிட்டாரு, குழிய மட்டும் நான் விட்டுக் குடுக்கல. அச்சுக்குப் போற டிராயிங்ல நாலு மில்லிமீட்டர அப்பிடியே போட்டு அனுப்பிட்டேன். அச்சு வெட்டினப்புறம்தான் பாத்தாரு. இவ்வளவு பெரிய அச்ச மறுபடி எவன் வெட்டுவான்? அடுத்த வருசம் கிறிஸ்துமஸுக்கே ஆயிரக்கணக்குல வித்துச்சு, அதனால வாய மூடிக்கிட்டாரு.

பேர ஏன் குடுத்தேன்னுதானே கேக்குறீங்க? இருங்க, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க, முழுங்கிட்டீங்க. சொல்லுங்க. உடோ என்ன சொல்லி அனுப்பினாரு? பரவாயில்ல, சொல்லிருங்க, உங்களுக்கு அர்த்தம் புரியாட்டியும் எனக்குப் புரியும்.

பழைய விசயத்த ஒட்டிலி அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்கன்னாரா? அப்பா தன்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் போனாருன்னாரா? ஓகோ. அப்பன் சொத்தோட அதையும் எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரா.

அந்த ஃபைல்ல விபத்து ரிப்போர்ட்டு இருக்கும், எடுங்க. பச்சை அட்டை, அதுதான். ஐம்பத்தாறு, ஜூன் மாசம். என்ன எழுதியிருக்கு, படிங்க. தொழிலாளி எவால்ட் கோர்டெஸ் சிக்கிய தகட்டை எடுக்கும்போது தன் காலாலேயே தவறுதலாக பெடலை மிதித்தார், பக்கத்தில் வேறு தொழிலாளி யாரும் இல்லை, சாட்சி ஆல்பிரெக்ட் ரெங்கல். கீழ எவால்டோட கையெழுத்து, இடது கையில போட்டது, கோழி கிண்டின மாதிரி இருக்கும். இருக்கா?

அது பொய். அந்த பிரஸ்ஸுல உக்காந்திருந்தது நான். அது என் பிரஸ்ஸு. தகடு சிக்கிச்சு, எவால்டக் கூப்பிட்டேன், குனிஞ்சு எடுத்துக்கிட்டு இருந்தாரு. மதியச் சங்கு ஊதுச்சு. எடுத்துட்டாருன்னு நினைச்சேன். மணிக்கு நானூறு தகடு அடிக்கிற காலு தம்பி, அது யோசிக்கிறதில்ல. ரெண்டு எட்டுத் தள்ளி நின்னுக்கிட்டு பெரிய ரெங்கல் பாத்தாரு.

ஆஸ்பத்திரில எவால்டு கண்ணு முழிச்சதும் முதல்ல என்ன சொன்னாரு தெரியுமா? என் காலுன்னு எழுதிக் குடுத்துடுறேன், நீ அங்க இல்லவே இல்ல, வாயத் தொறக்காதன்னாரு. அதுக்கப்புறம் பதினஞ்சு வருசம், சாகுற வரைக்கும், ஒரு தடவை கூட அவரு அதப் பேசல. நானும் பேசல. தடுப்பு இல்லாதது வெளிய வராம அமுங்குதேன்னு ரெங்கலும் சந்தோசமா சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு. நாலு வருசம் கழிச்சு அந்த ஆபீசுல, பேட்டன்ட்டு காயிதத்த என் பக்கம் தள்ளிட்டு, நான் அன்னிக்குப் பாத்தத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல ஒட்டிலின்னாரு. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

இதுவரைக்கும் நான் வாய விட்டு இதச் சொன்ன முதல் ஆளு நீங்கதான். பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

அந்தக் கையில இருந்து நாலு விரல எடுத்தவ நான். ஒண்ண திருப்பிக் குடுத்தவளும் நான். எடுத்தத வேணா ரெங்கல் வெச்சுக்கட்டும், ஊரெல்லாம் சொல்லட்டும், பேப்பர்ல போடட்டும். குடுத்தத ரெங்கல் குடுத்தாருன்னு எழுதி என்னக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களே, அதுமட்டும் நடக்காது. வீட்டக் காலி பண்றேன். பேக்கிங்ல இருந்து குப்பை கூட்டுற வேலைக்கு மாத்துனாலும் கூட்டுறேன்.

இந்தாங்க உங்க காயிதம், மடிச்சு வெச்சுக்கோங்க. பேனா இருக்குல்ல, ரிப்போர்ட்டுல அந்த வரிக்குப் பக்கத்துல எழுதிக்கோங்க. ஒட்டிலி கோர்டெஸ், வலது கால். சின்ன முதலாளிகிட்டயும் நீங்களே சொல்லிருங்க, ஞாபகப்படுத்திட்டேன், அந்தம்மாவுக்கு நல்லாவே ஞாபகம் இருக்குன்னு.

வியாழக்கிழமை கோர்ட்டுக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?